ஒரே ஃபைபரில் இணையம், போன், டிவி: சின்ன நெட்வொர்க்குக்குச் சேவைத் தளம் அமைப்பது எப்படி?

கேபிள் டிவி நடத்திய பலர் இப்போது வீடுகளுக்கு ஃபைபர் இணையமும் கொடுக்கிறார்கள். ஓஎல்டி (எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேரும் நம் பக்கக் கருவி) வாங்கி, ஃபைபர் இழுத்து, முதல் வீட்டுக்கு நெட் வரவைப்பது வரை பெரிய சிரமம் இருக்காது. புது பிளான் சேர்க்கும் நாளில்தான் சிக்கல் தெரியும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் வேகத்தையும் ரூட்டரிலேயே கையால் எழுதிவைத்திருந்த ஒரு நெட்வொர்க்கில் நான் வேலை பார்த்தேன். 50 எம்பி பிளானை 60 ஆக்க இரண்டு இரவு முழுக்க உட்கார வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. என்னென்ன சேவை என்று தாளில் எழுதுங்கள்

போன் அழைப்புக்கு ஒரு திசையில் 100 கிலோபிட்டே தாராளம். ஆனால் தாமதத்தைத் தாங்காது. டிவிக்குச் சீரான ஓட்டம் வேண்டும். இணையம் கிடைத்ததை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். ஜிபானில் (ஒரே ஃபைபரை ஸ்ப்ளிட்டரால் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) ஓஎல்டியின் ஒரு போர்ட்டுக்குக் கீழ்நோக்கிச் சுமார் 2.5 ஜிகாபிட், மேல்நோக்கிச் சுமார் 1.25 ஜிகாபிட். 64 வீட்டு ஸ்ப்ளிட்டர் போட்டால் இதை அத்தனை வீடும் பகிர்ந்துகொள்ளும். கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள்.

2. சேவைக்கு ஒரு விலான்

விலான் என்பது ஒரே ஃபைபரில் ஓடும் சேவைகளை எண் கொடுத்துத் தனித்தனியாகப் பிரிக்கும் வழி. உதாரணமாக இணையத்துக்கு 100, போனுக்கு 200, டிவிக்கு 300. போனுக்கு முன்னுரிமை 5 (இதுதான் இங்கே முதலிடம்), டிவிக்கு 4, இணையத்துக்கு 0. நாளைக்குக் கேமரா சேவை சேர்க்க நினைத்தால் 400 என்று புதிதாகத் திறந்தால் போதும், பழையதைத் தொட வேண்டாம்.

3. பிளானை ரூட்டரிலிருந்து வெளியே எடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். வாடிக்கையாளர் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) வழியாக உள்ளே வரும்போது, நம் பக்கத்து ரூட்டர், வாடிக்கையாளர் கணக்குகளை வைத்திருக்கும் ரேடியஸ் சர்வரைக் கேட்கும்: இவரை விடலாமா, எவ்வளவு வேகம்? பதில் சர்வரில் மட்டும் இருக்க வேண்டும்.

பழகிப்பார்க்கப் பழைய கணினி ஒன்று போதும். லினக்ஸில் ஃப்ரீரேடியஸையும் (ரேடியஸ் சர்வர் மென்பொருள்) மரியாடிபியையும் (தரவுத்தளம்) நிறுவுங்கள். இரண்டும் இலவசம். முதலில் 'வீடு-100' என்று ஒரு குழு உருவாக்கி, வேகத்தைக் குழுவின் பதில் அட்டவணையில் எழுதுங்கள். அப்புறம் வாடிக்கையாளரை அந்தக் குழுவில் சேருங்கள். ஆளின் பெயருக்கு நேராக வேகத்தை எழுதவே எழுதாதீர்கள். குழுவில் ஒரு வரியை மாற்றினால் அதிலுள்ள ஐந்நூறு பேருக்கும் அடுத்த முறை இணையும்போது புது வேகம் வந்துவிடும்.

மைக்ரோடிக் ரூட்டரில் ஒன்றைக் கவனியுங்கள். வேக வரம்பில் முதலில் வருவது ரூட்டர் வாங்குவது, அதாவது வாடிக்கையாளரின் அப்லோட். '20எம்/100எம்' என்றால் 20 அப்லோட், 100 டவுன்லோட். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

சரி, வேலை செய்கிறதா? ஃப்ரீரேடியஸை டீபக் நிலையில் ஓடவிட்டு, ஒரு ஓஎன்டியை (வாடிக்கையாளர் வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டி) இணைத்துப் பாருங்கள். ஏன் அனுமதித்தது, ஏன் மறுத்தது என்று ஒவ்வொரு அடியும் திரையில் ஓடும்.

4. இணைப்பை அறுக்காமல் வேகம் மாற்ற

ரீசார்ஜ் செய்தவரை "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்வது சரியில்லை. ரேடியஸில் சிஓஏ என்ற வசதி இருக்கிறது. சர்வரே நம் பக்கத்து ரூட்டருக்குச் செய்தி அனுப்பி, ஓடும் இணைப்பிலேயே வேகத்தை மாற்றும். வழக்கமான போர்ட் யுடிபி 3799. இரு பக்கமும் ஒரே எண்தானா என்று பாருங்கள், சர்வரின் முகவரிக்கு மட்டும் அதைத் திறந்துவிடுங்கள்.

5. எம்டியூ

எம்டியூ என்பது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 என்பது 1492 ஆகும். சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்று போன் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். ரூட்டரில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) குறைத்துவிட்டால் பெரும்பாலும் தீரும்.

6. இரண்டாவது சர்வர்

ரேடியஸ் நின்றுபோனால் ஏற்கெனவே இணைந்தவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. மின்தடைக்குப் பிறகு ஊரே ஒன்றாக இணைய முயலும் நேரத்தில் அது நின்றால் பெரும்பாடு. அதனால் இன்னொரு சர்வரையும் ரூட்டரில் சேர்த்துவைத்து, ஒருநாள் அதிகாலையில் முதல் சர்வரை நீங்களே நிறுத்திச் சோதியுங்கள். இரண்டாவது பதில் சொல்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.