ட்ரெயிலர் ஓட்டப் பழகுவோருக்கு: கிங் பின்னிலிருந்து சி.ஈ. பரீட்சை வரை

கொன்டெய்னர் ட்ரெயிலர் பழக வருகிற தம்பிமார் முதலில் கேட்பது கியர் பற்றித்தான். நான் அவர்களை உடனே ஏறவிடுவதில்லை. முதல் சில நாட்கள் கீழேதான் வேலை. முன்னால் இழுக்கும் வாகனமான பிறைம் மூவருக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில் குனிந்து பார்க்கப் பழகிய பிறகுதான் கதவைத் திறக்கலாம்.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியால் நெடுங்காலம் கொன்டெய்னர் இழுத்தவன் நான். இப்போது நாவற்குழிப் பக்கம் சி.ஈ. என்ற ட்ரெயிலர் சாரதி அனுமதிப்பத்திர வகுப்புக்குப் பழக்குகிறேன். லொறி ஓடத் தெரிந்தவருக்கு ட்ரெயிலரும் ஓடத் தெரியும் என்ற நினைப்பைத்தான் முதலில் கழற்றி வைக்கச் சொல்வேன். லொறி ஒரே உடம்பு. ட்ரெயிலரில் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. அந்த மூட்டுக்குப் பின்னால் நடப்பது ஆசனத்தில் இருப்பவருக்குப் பிந்தித்தான் தெரியவரும். பின்சில்லு மதகில் ஏறியது, ரயர் வெடித்தது, ட்ரெயிலர் சரியத் தொடங்கியது எல்லாமே அப்படித்தான். ஆகவே தெரியவருமுன் செய்யவேண்டியதைப் பழகவேண்டும். பரீட்சையில் கேட்பதும் இதைத்தான்.

இணைப்பது

பிப்த் வீல் என்பது பிறைம் மூவரின் முதுகில் இருக்கும் கிரீஸ் பூசிய தட்டு. ட்ரெயிலரின் அடியில் இருக்கும் தடித்த இரும்பு முளையான கிங் பின் அதன் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். முழுப் பாரமும் இழுபடுவது அந்த ஒரு பின்னில். அதனால் இந்த வேலையில் அவசரப்படுகிறவரோடு நான் கடுமையாகவே பேசுவேன்.

முதலில் ட்ரெயிலரின் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பிப்த் வீலில் பின்னைப் பிடிக்கும் தாடை திறந்திருக்கிறதா, தட்டில் கிரீஸ் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, தட்டு பின்பக்கம் சற்றுச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிறைம் மூவரை ட்ரெயிலருக்கு நேராகக் கொண்டுவாருங்கள். சரிவாகப் பின்னால் போனால் ட்ரெயிலர் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, அது தனியே நிற்க ஊன்றும் முன்கால்கள் முறியும். தொடும் அளவுக்கு வந்ததும் நிறுத்தி, பார்க்கிங் பிறேக் போட்டு இறங்குங்கள்.

இப்போது உயரம். பிப்த் வீல் உள்ளே போகும்போது ட்ரெயிலரின் மூக்கைக் கொஞ்சம் தூக்கவேண்டும், அவ்வளவு பதிவாக, அதாவது தாழ்வாக, ட்ரெயிலர் நிற்கவேண்டும். அதைவிடப் பதிந்தால் பிறைம் மூவர் ட்ரெயிலரின் மூக்கில் போய் அடிக்கும். உயர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கிங் பின் தாடைக்குள் சரியாக இறங்காமல், பூட்டியது போலத் தோற்றம் மட்டும் காட்டும்.

அடுத்தது காற்றுக் குழாய்கள். சிவப்பு, ட்ரெயிலரின் காற்றுத் தாங்கியை நிரப்பும் அவசரக் குழாய். நீலம், மிதிக்கும்போது பிறேக்குக்குச் செய்தி கொண்டுபோகும் சேவைக் குழாய். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் ட்ரெயிலரின் தாங்கிக்குக் காற்றுப் போகாது. காற்று இல்லாவிட்டால் தானாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பிறேக் உள்ள ட்ரெயிலர் என்றால் சில்லு விடுபடாது, பிழை அங்கேயே தெரிந்துவிடும். ஸ்பிரிங் பிறேக் இல்லாத பழைய ட்ரெயிலர் என்றால் அசையும், ஓடும், ஆனால் ட்ரெயிலரில் பிறேக்கே இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, நிறம் பார்த்துப் பூட்டியதோடு நிற்காமல், ட்ரெயிலர் பிறேக்கைப் போட்டும் விட்டும் பின்னால் காற்றுச் சத்தம் வருகிறதா என்று கிளீனரைக் கேட்கச் சொல்லுங்கள்.

காற்று நிரம்பியதும் ட்ரெயிலர் பிறேக்கைப் பூட்டி, மெதுவாகப் பின்னால் போங்கள். 'டக்' என்று சத்தம் வரும். பலர் அந்தச் சத்தத்தை நம்பிக் கிளம்பிவிடுகிறார்கள். நம்பவேண்டாம். ட்ரெயிலர் பிறேக் பூட்டியபடியே சிறிய கியரில் முன்னால் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிறகு ரோர்ச்சோடு இறங்கி அடியில் பாருங்கள். தட்டுக்கும் ட்ரெயிலருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. தாடை கிங் பின்னின் தலையை அல்ல, கழுத்தைச் சுற்றிப் பிடித்திருக்கவேண்டும். பூட்டுப் பிடி உள்ளே போயிருக்கவேண்டும். இடைவெளி தெரிந்தால் அந்த வாகனத்தை ஓர் அடிகூட எடுக்கவேண்டாம். எல்லாம் சரி என்றால் மின் வயரைச் செருகி, முன்கால்களை முழுவதுமாக உயர்த்தி, கட்டையை எடுங்கள். பாதி உயர்த்திய காலோடு ஓடினால் தண்டவாளத்தில் மாட்டும்.

காற்றும் பிறேக்கும்

எங்கள் ஊர் ஈரக்காற்றில் தாங்கிக்குள் தண்ணீர் சேரும், அதோடு கம்பிரசர் எண்ணெயும். ஒவ்வொரு நாளும் தாங்கியின் அடித் திறப்பைத் திறந்துவிடுங்கள். காற்று அமுக்கம் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவுக்கு இறங்குமுன் எச்சரிக்கை விளக்கோ சத்தமோ வரவேண்டும். அது வந்தால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதுதான் வேலை. இன்னும் இறங்கி 20 முதல் 45 பி.எஸ்.ஐ. வரைக்குள் வந்தால் ட்ரெயிலரின் அவசர பிறேக் தானாக விழும். அது எந்த இடத்தில் விழும் என்பது அப்போது உங்கள் கையில் இல்லை.

சில வாகனங்களில் ட்ரெயிலருக்கு மட்டும் தனியாகக் கைப் பிறேக் இருக்கும். அது இழுத்துப் பார்க்கும் சோதனைக்கு. ஓடும்போது அதைப் பிடித்து வேகம் குறைத்தால் ட்ரெயிலர் சில்லு பூட்டிச் சறுக்கும். நிறுத்திவைப்பதற்கும் அது உதவாது, காற்று கசிந்தால் பிறேக்கும் விட்டுப்போகும். எழுத்துப் பரீட்சைகளில் இந்த இடத்தில் பலர் தவறுகிறார்கள்.

சந்திகளில்

நாற்பதடிக் கொன்டெய்னர் சுமார் 12.2 மீற்றர். பிறைம் மூவரையும் சேர்த்தால் 16 மீற்றர் அளவில் வரும். முன்சில்லு போன வழியால் பின்சில்லு வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இது தெரியாதவருக்கு யாழ்ப்பாண நகரத்து ஸ்ரான்லி வீதியும் கஸ்தூரியார் வீதியும் பெரும் சோதனை. இடப்பக்கம் திரும்பும்போதுதான் இது கூடுதலாகக் கடிக்கும், ஏனென்றால் நாங்கள் வலப்பக்க ஆசனத்தில் இருக்கிறோம், இடது பின்மூலை எங்களுக்கு இருட்டு.

புதியவர்கள் செய்வது, திரும்புமுன்பே வாகனத்தை வலப்பக்கம் அகலமாக எடுப்பது. அப்போது இடப்பக்கம் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளிக்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் சைக்கிள் நுழையும், ஓட்டோ நுழையும். நீங்கள் திரும்பி முடிக்கும்போது அந்தப் பிள்ளை ட்ரெயிலருக்கும் மதிலுக்கும் நடுவில் இருக்கும். இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் போதாது என்றுதான் நினைக்கிறேன். சந்திவரை இடது கரையை ஒட்டியே வாருங்கள். சந்திக்குள் ஆழமாக நேரே போய், பிறகு திரும்புங்கள். அகலம் தேவையென்றால் போய்ச் சேரும் வீதியில் எடுங்கள், எதிர்ப்பக்க வாகனங்கள் நிற்கும் வரை காத்திருந்து. திரும்பி முடியும் வரை இடது கண்ணாடியை விடக்கூடாது. எதிரில் வந்த வாகனத்துக்கு வழிவிட என்று பார்க்காமல் பின்னுக்கு எடுப்பதும் கூடாது.

உயரத்தையும் நினைவில் வைத்திருங்கள். உயரமான கொன்டெய்னர் தனியே 2.9 மீற்றர், அது ட்ரெயிலர் தளத்துக்கு மேல் நிற்கிறது. உள்வீதிகளில் வேப்பங் கொப்பும் தாழ்ந்த கேபிளும் இருக்கும். ஒழுங்கைக்குள் போகுமுன் கிளீனரை நடந்து போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ9 வீதியில்

வேகம் இரண்டு மடங்கானால், பிறேக் பிடித்த பின் நிற்கும் வரை ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். காற்று பிறேக்குக்கு இன்னொரு தாமதமும் உண்டு, மிதித்த பிறகு காற்று குழாய் வழியே பின்னால் போய்ச் சேரவேண்டும். அமெரிக்கச் சாரதிகளின் கையேட்டில் ஒரு கணக்கு இருக்கிறது: மணிக்கு 55 மைல், அதாவது ஏறக்குறைய 88 கிலோமீற்றர் வேகத்தில், உலர்ந்த வீதியில், ஆபத்தைக் கண்டதிலிருந்து நிற்கும் வரை 450 அடிக்கு மேல், சுமார் 137 மீற்றர். அந்த வேகத்தில் இங்கே ட்ரெயிலர் ஓடக்கூடாது, ஆனால் அளவு விளங்கும். முன்னால் போகும் வாகனத்துக்கு இடைவெளி விடவும் அதே கையேடு எளிய கணக்குச் சொல்கிறது: வாகனத்தின் ஒவ்வொரு 10 அடி நீளத்துக்கும் ஒரு செக்கன், 40 மைல் வேகத்துக்கு மேல் இன்னொரு செக்கன். எங்கள் ட்ரெயிலருக்கு ஐந்தாறு செக்கன் ஆகிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு வான் நுழையத்தான் செய்யும். நுழையட்டும், திரும்பவும் பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் ட்ரெயிலர் சுகமாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். பாரம் இல்லாவிட்டால் ரயருக்குப் பிடிப்பு இல்லை, சில்லு துள்ளிப் பூட்டும். யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் பயணத்தில், மழையும் சேர்ந்தால், கூடுதல் கவனம் அப்போதுதான் வேண்டும். ட்ரெயிலர் ஒரு பக்கம் போவது கண்ணாடியில் தெரிந்தால் பிறேக்கை விடுங்கள். பிடிப்பு திரும்பினால் அது தானாக நேருக்கு வரும். நனைந்த வீதியில் எஞ்சின் பிறேக்கையும் அணைத்துவிடுங்கள், அது இழுவைச் சில்லுகளைச் சறுக்கவைத்து வாகனத்தை நடுவில் மடிக்கும்.

பாரம் ஏற்றியிருந்தால் பயப்படவேண்டியது கவிழ்வதற்கு. வளைவுக்குள் போய் மிதிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பாரமானதைக் கீழேயும் நடுவிலும் ஏற்றுங்கள். தண்ணீர் பவுசர் இழுப்பவர்கள் பாதி நிரம்பிய தாங்கிக்கு அஞ்சவேண்டும், உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து, நீங்கள் நிறுத்திய பிறகும் தள்ளும்.

ஆனையிறவில் இருபக்கமும் வெளி, தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று கொன்டெய்னரின் பக்கத்தில் நேராக அடிக்கும். ஏ32 வீதியால் போனால் சங்குப்பிட்டிப் பாலத்திலும் அப்படியே. வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்து ஓடுங்கள். வன்னிப் பக்கம் இரவில் மாடுகள் சூடான தாரில் வந்து படுத்திருக்கும். அவை எங்கள் பக்கம் பார்த்தால்தான் கண்கள் வெளிச்சத்தில் மின்னும், படுத்திருக்கும் கறுப்பு மாடு பக்கத்தில் போகும் வரை தெரியாது. முன்விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம்தான் உங்கள் இரவு வேகம். மாட்டைத் தவிர்க்க ஸ்ரியறிங்கைச் சட்டென்று வெட்டினால் ட்ரெயிலர் கவிழும்.

2014 ஒக்ரோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்த பிறகு கடவைகளும் திரும்ப வந்துவிட்டன. ஒற்றைத் தண்டவாளத்தைக் கடக்க ஒரு ட்ரெயிலருக்கு 14 செக்கனாவது வேண்டும். கடவையில் கியர் மாற்றவேண்டாம். அந்தப் பக்கத்தில் முழு ட்ரெயிலருக்கும் இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள்.

றிவேர்ஸ்

ட்ரெயிலரை இடப்பக்கம் அனுப்ப ஸ்ரியறிங்கை வலப்பக்கம் சுற்றவேண்டும். மூளை இதற்கு எளிதில் உடன்படாது. ஸ்ரியறிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள், ட்ரெயிலர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். நேராகப் பின்னால் போகும்போது ட்ரெயிலர் எந்தக் கண்ணாடியில் கூடுதலாகத் தெரிகிறதோ, ஸ்ரியறிங்கின் மேற்பகுதியை அந்தப் பக்கம் கொஞ்சமாகத் திருப்பினால் நேராகும். வளைந்து போவதென்றால் வலப்பக்கமாகப் போங்கள், யன்னலால் பார்க்கலாம். கோணம் பிழைத்தால் முன்னுக்கு எடுத்துத் திருத்துங்கள், அதில் வெட்கம் இல்லை. சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள்.

பரீட்சைக்கு

இலங்கையில் 3,500 முதல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1, அதற்கு மேல் சி, 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலரும் சேர்ந்தால் சி.ஈ. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று போகும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. விடையின் எழுத்தை நினைவு வைத்தவர் கேள்வி சற்று மாறினாலே தடுமாறுவார். ஒவ்வொரு விடைக்கும் 'ஏன்' என்று ஒரு வரி எழுதிப் பழகுங்கள். வீதிக் குறியீடுகளைப் படம் பார்த்துப் படிப்பதோடு, நாவற்குழியிலிருந்து கொடிகாமம் வரை பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

வாகனத்தைச் சுற்றிப் பார்க்கும் பரிசோதனையை எப்போதும் ஒரே ஒழுங்கில் செய்யுங்கள். நான் முன் இடது மூலையில் தொடங்கி, சுற்றி வந்து அதே மூலையில் முடிக்கச் சொல்வேன். தொட்டு, பெயர் சொல்லி, எதைத் தேடுகிறோம் என்றும் சொல்லவேண்டும். "ரயர்" என்றால் போதாது. "ரயரின் பக்கத்தில் வெட்டு இல்லை, இரட்டைச் சில்லுக்கு நடுவில் கல் இல்லை, நட்டுக்களைச் சுற்றித் துருக்கோடு இல்லை" என்று சொல்லுங்கள்.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் உதவும், அங்கே பரிசோதனையே பரீட்சையின் தனிப் பகுதி. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் ட்ரெயிலர் ஓட்டுவதற்கான ஏ.இசட். வகுப்புக்கு 2017 ஜூலை 1 முதல் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அமெரிக்காவில் ட்ரெயிலர் 10,000 இறாத்தலுக்கு மேலும், பிறைம் மூவரும் ட்ரெயிலரும் சேர்ந்து 26,001 இறாத்தல் அல்லது அதற்கு மேலும் என்றால் ஏ வகுப்பு, 2022 பெப்ரவரி 7 முதல் பதிவுபெற்ற பயிற்சி நிலையத்தில் படித்திருக்கவும் வேண்டும். அங்கே கேட்கும் கசிவுக் கணக்கை இப்போதே படித்து வையுங்கள்: எஞ்சினை நிறுத்தி பிறேக்கை விட்டிருந்தால் ட்ரெயிலரோடு சேர்த்து நிமிடத்துக்கு 3 பி.எஸ்.ஐ., மிதித்துப் பிடித்திருந்தால் 4 பி.எஸ்.ஐ., அதற்கு மேல் இறங்கக்கூடாது. அங்கே வலப்பக்கமாக ஓடுவதால் ஆபத்தான திருப்பமும் வலப்பக்கம் மாறிவிடும், இடது கண்ணாடிக்குச் சொன்னதெல்லாம் வலது கண்ணாடிக்குப் பொருந்தும்.

எங்கே எழுதினாலும், செய்முறைப் பரீட்சைக்குக் கொண்டுபோகும் அதே ட்ரெயிலரில் பழகுங்கள். இருபதடியில் பழகியவர் நாற்பதடியோடு போனால் திரும்பும் இடமும் பின்னால் எடுக்கும் கோணமும் மாறும். பரீட்சைக்கு முதல் நாள் மாலையே அதைக் கழற்றி, நீங்களே திரும்ப இணைத்துப் பாருங்கள்.