ஃபீல்டில் 5 பார், திரையில் 8 பார்: கோளாறு எங்கே?

ஃபீல்டில், அதாவது ஆலையில் கருவி பொருத்தியிருக்கும் இடத்தில், அழுத்தத்தை அளந்து கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் டிஸ்பிளே 5 பார் காட்டுகிறது. கன்ட்ரோல் ரூம் திரையில் அதே அழுத்தம் 8 பார். உடனே டிரான்ஸ்மிட்டரைத் திறந்து ஜீரோவை (பூஜ்ய அளவுக்கான அமைப்பை) தொடாதீர்கள். சரியாக வேலை செய்யும் கருவியை மாற்றி வைத்துவிட்டால், ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

முதலில் ஆபரேட்டரிடம் சொல்லி லூப்பை (அந்த அளவைப் பார்த்துத் தானாக இயங்கும் கட்டுப்பாட்டை) மேனுவலுக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த அளவு ஏதாவது இன்டர்லாக்கில் (அளவு தவறினால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பில்) இருந்தால், முறையான அனுமதியோடு பைபாஸ் போட்ட (அதைத் தற்காலிகமாக விலக்கிய) பிறகே கை வையுங்கள். ஒரு கம்பி கழன்றாலே மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும், ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் நின்றுபோகலாம். எரிவாயு சூழும் இடமென்றால் மூடியைத் திறக்கவே தனி அனுமதி வேண்டும்.

அடுத்தது மல்டிமீட்டர். டிஸ்பிளேயில் தெரிவது டிரான்ஸ்மிட்டர் தனக்குள் கணக்குப் போட்ட எண். திரைக்குப் போவது அந்த எண் அல்ல, கம்பியில் ஓடும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர். அதனால் மின்னோட்டத்தை நேரடியாக அளக்க வேண்டும். மீட்டரை லூப்பில் தொடராக இணையுங்கள். டெஸ்ட் டெர்மினல் இருந்தால் கம்பியைக் கழற்றாமலே அளந்துவிடலாம்.

கணக்கு எளிதுதான்: அளந்ததிலிருந்து 4-ஐக் கழித்து, 16-ஆல் வகுத்து, ரேஞ்சால் (கருவி அளக்கும் எல்லையால்) பெருக்குங்கள். 0–10 பார் ரேஞ்சில் 12 மில்லி ஆம்பியர் என்றால் 8/16 × 10, அதாவது 5 பார். மீட்டரும் 12 காட்டினால் டிரான்ஸ்மிட்டர் மேல் குற்றமில்லை. இப்போது டிசிஎஸ்ஸில் (கன்ட்ரோல் ரூமின் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பில்) அந்த டேகின், அதாவது அந்த அளவுக்கான பெயர்ப் பதிவின், ரேஞ்சைப் பாருங்கள். அங்கே 0–16 என்று இருந்தால், அதே 12 மில்லி ஆம்பியர் 8 பாராகத்தான் தெரியும். ரேஞ்சைத் திருத்தினால் போதும்.

ரேஞ்ச் ஒத்துப்போகிறதா? அப்படியானால் கன்ட்ரோல் ரூம் பேனல் பக்கமும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். ஃபீல்டில் 12, பேனலில் 12.6 என்றால் நடுவே கசிவு இருக்கிறது. வழியில் கம்பிகள் இணையும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள்; டெர்மினல்களுக்கு இடையே ஈரமும் பச்சை பூத்த செம்பும் தெரிந்தால் ஆள் அதுதான். இரு கம்பி லூப்பில் இந்தக் கசிவு மின்னோட்டத்தைக் கூட்டித்தான் காட்டும்.

வித்தியாசம் எப்படி மாறுகிறது என்பதை நான் மிகவும் நம்புவேன். அளவு ஏற ஏற வித்தியாசமும் ஏறினால் ரேஞ்ச் அல்லது யூனிட்டைச் சந்தேகியுங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய 1 பார் தள்ளியிருந்தால், ஒரு பக்கம் கேஜ் (காற்றழுத்தத்துக்கு மேலுள்ள அளவு), மறுபக்கம் அப்சலூட் (வெற்றிடத்திலிருந்து எண்ணும் அளவு) என்று இருக்கலாம். கீழே சரியாக வந்து, மேலே போகும்போது மின்னோட்டம் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல் நின்றால் சப்ளை வோல்டேஜைப் பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் திணறுவது டிபி ஃப்ளோ மீட்டரில், அதாவது அழுத்த வேறுபாட்டை (டிபி) வைத்து ஓட்டத்தை அளக்கும் கருவியில். 0-விலும் 100-லும் இரண்டும் ஒத்துப்போகும், நடுவில் மட்டும் உதைக்கும். இது ஸ்கொயர் ரூட் (வர்க்கமூல) பிரச்சினை: ஓட்டம் தெரிய டிபியின் ரூட் எடுக்க வேண்டும். 50 சதவீத ஓட்டத்துக்கு டிபி 25 சதவீதம்தான் இருக்கும். டிரான்ஸ்மிட்டரும் டிசிஎஸ்ஸும் இருவருமே ரூட் எடுத்தால் திரையில் 70.7 வரும், யாருமே எடுக்காவிட்டால் 25 வரும். ஓரிடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தியபின் 0, 25, 50, 75, 100 சதவீதம் என ஐந்து புள்ளிகளிலும் சரிபாருங்கள். பைபாஸ் எடுத்தாகிவிட்டது, லூப் ஆட்டோவுக்கு வந்துவிட்டது என்று ஆபரேட்டர் வாயால் கேட்ட பிறகு கருவிப் பையை மூடுங்கள்.