மாடு வாங்கும்போது இனத்தின் பெயர் மட்டும் போதுமா?

வெள்ளவத்தையில் குடியிருந்துகொண்டு வவுனியா, மட்டக்களப்புப் பக்கத்துக் காணியில் மாடு வளர்க்கப் பலருக்கும் ஆசை. சரி, வளர்க்கலாம். ஆனால் தரகர் "இந்த இனத்துக்கு நோயே வராது" என்றதும் முற்பணம் அனுப்பிவிடுகிறார்களே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

எந்த நோய் வராது என்று முதலில் கேளுங்கள். நம் பக்கத்துத் திமில் மாடான சாகிவாலின் கன்றுகளுக்கும் ஐரோப்பியப் பால்மாடான பிரீசியனின் கன்றுகளுக்கும், உண்ணி பரப்பும் தைலேரியா கிருமியை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டுக்குமே தொற்றியது. சாகிவாலுக்குக் காய்ச்சல் குறைவு, அவை தேறிவிட்டன. மேற்கு ஆபிரிக்காவின் என்டாமா மாடு, ட்செட்சே ஈ பரப்பும் ஒட்டுண்ணியை உடம்பில் சுமந்தபடியே சோகை முற்றாமல் சமாளிக்கும். இந்தத் தாங்குசக்தி வேறு நோய்க்கு உதவும் என்று நினைக்கக் கூடாது. தோல் கழலை நோய் 2020 இல் நம் வடக்கில் தலைகாட்டியது. 2022 இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அது பரவியபோது நாட்டு மாடுகளும் ஏராளமாகச் செத்தன. இனத்தைப் பார்த்துத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. ஊர் மாடு உண்ணிக் காய்ச்சலைத் தாங்குவது முழுக்கப் பரம்பரையால் அல்ல. அந்தக் காய்ச்சலைத் தரும் பபீசியா கிருமி ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட கன்றைத் தொற்றினால் பெரும்பாலும் லேசாகக் கடந்துபோகும், எதிர்ப்பும் உண்டாகும். உண்ணியே படாமல் சீமெந்துத் தரையில் வளர்த்த நாகு மாட்டைத் திடீரென்று மேய்ச்சலுக்கு விட்டால், ஊர் இனமானாலும் படுத்துவிடலாம். மூத்திரம் கோப்பி நிறத்தில் போகும், கண் இமையின் உட்புறம் வெளிறும். அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும், "நம்ம ஊர் மாடுதானே" என்று காத்திருக்கக் கூடாது.

பரம்பரைக்கும் பங்கு உண்டுதான். ஒரே பட்டியில், ஒரே புல்லில் மேயும் மாடுகளில் சிலவற்றில் மட்டும் உண்ணி அப்பிக்கிடக்கும். வாலடி, மடி, காதோரம் தடவிப் பாருங்கள். ஒரு பக்கத்து உடம்பில் இரத்தம் குடித்து உப்பியவற்றை எண்ணி இரட்டித்தால் கணக்கு வந்துவிடும். சில தடவை எண்ணியும் குறைவாகவே இருக்கும் பசுவின் கன்றுகளை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குணம் ஓரளவு நன்றாகவே கன்றுக்கு இறங்கும். மடி வீக்கத்தில் அப்படி எதிர்பார்க்க முடியாது, அதற்குத் தொழுவச் சுத்தமும் கறக்கிற கையுமே முக்கியம்.

கலப்பிலும் அவசரம் வேண்டாம். சாகிவால்–பிரீசியன் முதல் கலப்பு நன்றாகக் கறக்கிறது என்று மறுபடி மறுபடி பிரீசியன் விந்தே போட்டால், சாகிவால் இரத்தம் கால்வாசி, அரைக்கால்வாசி என்று கரைந்துவிடும். அவுஸ்திரேலியர்கள் இவ்விரண்டையும் சேர்த்து ஒரு இனம் உருவாக்கியபோது பாலோடு உண்ணி எதிர்ப்பையும் பார்த்தே தெரிவுசெய்தார்கள்.

அப்புறம், நுவரெலியாவில் வாங்கிய பிரீசியனை இறக்கி நேரே ஊர்ப் பட்டிக்குள் விடுவதும் தவறு. தேறிய ஊர் மாடு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் இரத்தத்தில் கிருமி இருக்கலாம். அதைக் கடித்த உண்ணியோ அதன் குஞ்சுகளோ புதுப் பசுவைக் கடித்தால் போதும். புதிதாக வந்ததைத் தனியே கட்டி, உண்ணி மருந்து அட்டவணையை மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பட்டியில் சேருங்கள்.