பிசிசி இருக்கிறதே என்று நம்பிச் செய்யும் தவறுகள்

லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்றொரு பாலியல் நல மருத்துவமனை இருக்கிறது. 2015 செப்டம்பரில் அங்கிருந்து 781 பேருக்கு ஒரு செய்திமடல் மின்னஞ்சலில் போனது. பெற்றவர்களில் பெரும்பாலோர் எச்ஐவியோடு வாழ்பவர்கள். பெறுபவர்கள் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் சேர்க்கும் பிசிசி (BCC) கட்டத்தில் இருக்க வேண்டிய முகவரிகள், எல்லோருக்கும் தெரியும் டூ (To) கட்டத்தில் இருந்தன. அவற்றில் 730 முகவரிகளோடு முழுப் பெயரும் தெரிந்தது. மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விழுந்தது. அதே அறக்கட்டளையில் 2010-லும் 17 நோயாளிகள் விஷயத்தில் இப்படி நடந்திருந்தது.

அந்த ஊழியர் கவனக்குறைவானவர் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரே ஒரு கட்டம் மாறினால் மொத்தமும் வெளியே வந்துவிடும் ஒரு வழியை இவ்வளவு பெரிய பட்டியலுக்குப் பயன்படுத்தியதுதான் முதல் தவறு.

பிசிசி செய்வது மிகச் சின்ன வேலை. கடித உறைமேல் எழுதும் விலாசம் வேறு, உள்ளே கடிதத்தின் தலைப்பில் எழுதுவது வேறு அல்லவா? மின்னஞ்சலிலும் அப்படித்தான். யார் யாருக்குச் சேர்க்க வேண்டும் என்ற பட்டியல் சர்வருக்குத் தனியாகச் சொல்லப்படுகிறது. நாம் படிக்கும் டூ, சிசி வரிகள் கடிதத்துக்குள் இருப்பவை. பிசிசி முகவரிகள் உறையில் மட்டும் இருக்கும், உள்ளே எழுதப்படாது. இதில் பூட்டும் கிடையாது, குறியாக்கமும் கிடையாது.

ஆகவே அது காப்பாற்றாத இடங்கள் நிறைய. உங்கள் சென்ட் பெட்டியில் பிசிசி பட்டியல் அப்படியே இருக்கும். அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து பார்க்கும் பொது மெயில் என்றால் அந்த நாலு பேருக்கும் தெரியும்.

மேலாளரை ரகசியமாகச் சேர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. வாடிக்கையாளரோடு தகராறு, மேலாளர் பிசிசியில். அவர் அவசரத்தில் ரிப்ளை ஆல் அழுத்தினால் போச்சு, அவர் ஒளிந்திருந்து படித்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிய வேண்டுமென்றால், அனுப்பியதை அப்புறம் தனியாக ஃபார்வர்டு செய்வதே மேல். பிசிசியில் இருப்பவருக்கு மற்றவர்கள் எழுதும் பதில்களும் வராது.

தவறு நடந்தபின் செய்யும் தவறுகள் இன்னும் மோசம். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற அவுட்லுக்கில் இருக்கும் ரீகால் பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்குள்தான் பலிக்கும். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 வினாடி. 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், தாலிபான் கைக்குப் போன ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறக் காத்திருந்த 245 பேரின் முகவரிகளை டூ கட்டத்தில் போட்டு அனுப்பியது. இரண்டு பேர் ரிப்ளை ஆல் செய்தார்கள். அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே எழுதிவிட்டார். அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம்.

குடியிருப்புச் சங்கத்தின் கூட்ட அறிவிப்புக்கு பிசிசி போதும். டூ கட்டத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, கடிதத்தை எழுதி முடித்து, கடைசியில் மற்ற முகவரிகளைச் சேருங்கள். நோயாளிகள், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், கடன் பாக்கி வைத்தவர்கள் போன்றோருக்கு வேண்டவே வேண்டாம். அந்தப் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதே ஒரு தகவல். ஆளுக்கொரு தனி மெயிலாகப் போகும் மெயில் மெர்ஜ் அல்லது மொத்த அஞ்சல் சேவையைப் பயன்படுத்துங்கள்.

வாங்கி வைத்தால் மட்டும் போதாது. 2020-ல் 105 பேருக்கு மெயில் அனுப்பி, முகவரிகளை வெளியே விட்ட எச்ஐவி ஸ்காட்லாந்து என்ற தொண்டு நிறுவனம் அப்படியொரு சேவையைச் சில மாதங்களுக்கு முன்பே வாங்கியிருந்தது. இந்தப் பட்டியலை மட்டும் இன்னும் அதற்கு மாற்றவில்லை.