‘பழகட்டும்’ என்று பயந்த நாயைக் கூட்டத்துக்குள் இழுக்காதீர்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும் சரி, டவுனிலும் சரி, பயந்த சுபாவமுள்ள நாயை வளர்க்கத் தொடங்குபவர்கள் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். நானும் விழுந்து எழும்பிய குழிகள் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கழுத்துப் பட்டி தளர்வாக இருக்கக்கூடாது, தடுப்பூசி போட வேண்டும் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், அவை உங்களுக்கே தெரியும். ஆளையோ வேறு நாயையோ கண்டதும் குரைத்துப் பாய்கிற நாய், காலுக்கிடையில் ஒடுங்குகிற நாய், இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பயம்தான். கிட்ட வராதே என்று ஒன்று சத்தம் போட்டுச் சொல்கிறது, மற்றது சத்தமில்லாமல் சொல்கிறது.

கூட்டத்துக்குள் கொண்டுபோய்ப் பழக்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தம்பி, சத்தத்துக்குப் பயப்படும் தன் இளம் நாயைக் கோயில் திருவிழாவுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தப்பு மேளம் அடிக்கிறார்கள், வெடி போடுகிறார்கள், பிள்ளைகள் குறுக்கும் மறுக்கும் ஓடுகிறார்கள். முதலில் நாய் குரைத்தது, சங்கிலியை இழுத்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. “பாத்தீங்களா அண்ணே, அடங்கிட்டான்” என்றார் தம்பி.

அடங்கவில்லை. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, நாக்கு திரும்பத் திரும்ப மூக்கை நக்கியது. யாரோ நீட்டிய கோழித் துண்டை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்தால் நாய் விறைத்துப்போகும், அதை அமைதி என்று நினைப்பதில்தான் எல்லாம் கெடுகிறது. அந்த நாய் அதற்குப் பிறகு தப்பைக் கண்டால் மட்டும் குரைக்கவில்லை. வேட்டி கட்டியவர்கள், சாக்குச் சுமந்து வருபவர்கள், கடைசியில் லயத்து வாசலைக் கடக்கிற எல்லாரும் அதற்கு எதிரியாகிவிட்டார்கள். ஒரு இரவில் கெட்டதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ‘போகப் போகச் சரியா வரும்’ என்று அன்றைக்கு யோசனை சொன்ன ஒருவரும் அப்போது பக்கத்தில் இல்லை.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவிலும் இதே கூத்துத்தான். கிரகரி வாவிக் கரையில் சவாரிக் குதிரை, பலூன், வாகன நெரிசல் எல்லாவற்றுக்கும் நடுவில் நடுங்குகிற நாயோடு படம் எடுக்கிறார்கள். பயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். குதிரையை ஒருவாறு பொறுத்துக்கொண்ட நாய், அடுத்து ஹோர்ன் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டு, கடைசியில் தலையைத் தடவ வந்த பிள்ளையைக் கடிக்கும். ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்பார்கள். உடம்பில் ஏறிய பதற்றம் இறங்கச் சிலவேளை அடுத்த நாள்வரை ஆகும். ஆகவே ஒரு மோசமான நாளுக்கு மறுநாள் நடைக்குப் போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

அப்படியானால் எப்படித்தான் பழக்குவது? தூரத்தில் இருந்து. பயப்படும் ஆளையோ பொருளையோ நாய் பார்க்க வேண்டும், பார்த்தும் தீனியைச் சாதாரணமாக வாங்கித் தின்ன வேண்டும். அதுதான் அதற்குரிய தூரம். அவித்த ஈரல் துண்டையே வேண்டாம் என்றால் நீங்கள் கிட்டப் போய்விட்டீர்கள், திரும்புங்கள். முதலில் அது பார்க்கட்டும், பிறகு தீனி. இந்த வரிசையை மாற்றினால், தீனிப் பையைத் திறந்தாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் பயப்படத் தொடங்கும். சில கிழமைகளில் தூரம் தானாகக் குறையும். குறையாவிட்டால் அவசரப்படாதீர்கள்.

குறுகிய பாதையில் நின்று கதை பேசுவது

மலையில் தூரம் கிடைப்பது கஷ்டம். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் பள்ளம். அதனால் முன்கூட்டியே வழி பார்த்து வையுங்கள். எந்த இடத்தில் படிக்கட்டு மேலே போகிறது, எங்கே கானை, அதாவது வடிகாலைத் தாண்டித் தேயிலை நிரைக்குள் ஒதுங்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். செடி மறைத்தாலே பாதிப் பயம் குறையும். ஆனால் ஒதுங்குமுன் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முடக்குகளில் நாயை உங்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நீங்கள் முதலில் எட்டிப் பாருங்கள். பனிமூட்டத்தில் ஆட்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிவார்கள், அன்றைக்கு நடையைச் சுருக்கிக்கொள்ளலாம். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டு நேரத்திலும் கொழுந்து நிறுக்கும் நேரத்திலும் பாதை நிறைய ஆட்கள் வருவார்கள். இடுப்பில் படங்குத் துணி கட்டி, முதுகில் கொழுந்தைச் சுமந்து வருகிறவர் நம் கண்ணுக்கு அக்காதான், நாயின் கண்ணுக்கு வேறு ஏதோ.

எதிரே தெரிந்தவர் வந்தால் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நாய்க்காகத்தான் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இஸ்தோப்பில் கட்டிப்போடுவது

இஸ்தோப்பு என்பது லயத்து வீட்டின் முன் திண்ணை, எல்லாரும் நடக்கிற இடம். கட்டிய நாயால் விலகிப்போக முடியாது, அதற்கு மிஞ்சுவது பற்கள் மட்டும். பின்பக்கம், குசினிச் சுவர் மறைவில் இடம் ஒதுக்குங்கள். ஆனால் இரவில் வெளியே கட்டக்கூடாது. தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது, அது நாயையும் பிடிக்கும்.

மஞ்சள் நாடாவை நம்புவது

‘இந்த நாய்க்கு இடம் வேண்டும்’ என்று காட்ட மஞ்சள் நாடா கட்டும் வழக்கம் 2012 அளவில் சுவீடனிலும் கனடாவிலும் பரவத் தொடங்கியது. நல்ல யோசனைதான். ஆனால் இங்கே மஞ்சளாக ஏதாவது கட்டினால் நேர்த்திக்கடன் என்று நினைத்து, இன்னும் கிட்ட வந்து விசாரிப்பார்கள். வாயால் சொல்வதே மேல். “கிட்ட வராதீங்க.” டவுனில் சிங்களத்தில் “லங் வென்ன எபா” என்றும் சொல்லுங்கள். ‘ஒண்ணும் செய்யாது’ என்று சிரித்து மழுப்ப வேண்டாம். அதற்கும் அசையாதவர்களிடம் “நாய்க்குச் சொறி நோய், ஒட்டும்” என்றால் போதும். பொய்தான், ஆனால் உடனே வேலை செய்யும்.

உறுமினால் அடிப்பது

உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும்.

தீபாவளிக்கு வெளியே விடுவது

வேண்டாம்.

கடித்த பிறகு மஞ்சள் தூள் அப்புவது

காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, கடிபட்டவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாயின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள், அங்கே கேட்பார்கள்.