மார்பகக் கட்டியை ஃபார்மலினில் போடும் முறை

மார்பகப் புற்றுநோயில் டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மருந்து பலன் தருமா, ஹெர்2 புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து தேவையா என்று முடிவெடுக்க, கட்டியில் ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 ஆகியவை உள்ளனவா என்று பார்க்கும் சோதனைகளைத்தான் நம்புகிறோம். அந்தச் சோதனைகள் கெடுவது பல நேரம் லேபுக்குத் திசு வருவதற்கு முன்பே, ஆபரேஷன் தியேட்டரில். ரத்த ஓட்டம் நின்றதுமே திசுவின் நொதிகள் அதன் புரதங்களைச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஆகவே வெட்டியெடுத்த 1 மணி நேரத்துக்குள் திசு, அதைக் கெடாமல் நிலைநிறுத்தும் ஃபார்மலின் கரைசலில் இருக்க வேண்டும். வெளியே எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள். இரண்டாவது நேரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கடையில் வாங்கும் ஃபார்மலினில் 37–40 சதவீதம் ஃபார்மால்டிஹைடு இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் திசுவின் ஓரம் இறுகிப்போய், உள்ளே இறங்க வழியிருக்காது. 1 லிட்டர் கரைசலுக்கு 100 மி.லி. ஃபார்மலின், 900 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பிஹெச் 7-ஐ ஒட்டி வர வேண்டும். பாஸ்பேட் உப்புகளை மிச்சம் பிடிக்காதீர்கள்: அவை இல்லாவிட்டால் ஃபார்மலினில் நாளடைவில் உருவாகும் ஃபார்மிக் அமிலம் கரைசலை அமிலமாக்கிவிடும். ரத்தம் தேங்கிய இடங்களில் பழுப்புக் கறை படியும். டிஎன்ஏ துண்டு துண்டாகி, பின்னால் செய்யும் மரபணுச் சோதனை தோற்கும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். ஃபார்மால்டிஹைடே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது.

திசுவின் கன அளவைப்போல் 10 மடங்கு கரைசல் வேண்டும். பாட்டில் வாய் அகன்றதாக இருக்கட்டும். ஒடுங்கிய வாய்க்குள் நெளிந்து போன திசு விறைத்தபின் வெளியே வராது. லேபிளை மூடியில் ஒட்டாமல் பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடிகள் மாறிவிடும்.

ஊசி பயாப்சித் துணுக்குகள் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். உலர்ந்த பஞ்சிலோ காஸிலோ வைக்காமல் நேராக ஃபார்மலினில் விடுங்கள்.

முழுக் கட்டியோ முழு மார்பகமோ என்றால்தான் உண்மையான சிக்கல். ஃபார்மலின் மணிக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தான் உள்ளே போகும், கொழுப்பில் இன்னும் மெதுவாக. முழுசாக முக்கி வைத்த மார்பகத்தின் நடுவிலுள்ள கட்டி, மறுநாள் காலையிலும் ஃபார்மலினைப் பார்த்திருக்காது. எனவே 5 மி.மீ. தடிமனில் கீறி, இடையிடையே காஸ் வைக்க வேண்டும். ஆனால் விளிம்புகளில் மை பூசாமல் கீறினால் கட்டி முழுதும் அகன்றதா என்று பிறகு சொல்ல முடியாது. அதனால் எந்தப் பக்கம் எது என்று தெரிய, அறுவை மருத்துவர் மேல்பக்கத்தில் குட்டை நூலும் அக்குள் பக்கத்தில் நீள நூலும் தைத்து அனுப்பட்டும். மை பூசுவதும் கீறுவதும் பதாலஜிஸ்ட் (திசுவைச் சோதிக்கும் மருத்துவர்) வேலை. லேப் வெளியூரில் இருந்தால் பதாலஜிஸ்டிடம் முன்கூட்டியே பேசிக்கொண்டு, பின்பக்கத்திலிருந்து கட்டிவரை ஒரே ஒரு வெட்டுப் போடலாம். தோல் பக்கமாக வெட்டாதீர்கள்.

ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72. சின்னத் துணுக்குதானே என்று 2 மணி நேரத்தில் எடுத்தால், மிச்ச வேலையைப் பிராசஸிங் மெஷினில் உள்ள ஆல்கஹால் செய்யும். ஈஆர் பொய்யாக நெகட்டிவ் ஆகலாம். சனிக்கிழமை மாலை போட்டதைத் திங்கள் காலை எடுத்தால் பாதகமில்லை. தொடர் விடுமுறைக்கு முந்தைய நாள் ஆபரேஷன் என்றால் லேபில் யார் இருப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். புற்றுச் செல்களில் 1 சதவீதம் ஈஆர் சோதனையில் நிறமேற்றாலே ஈஆர் பாசிட்டிவ். ஈஆர் நெகட்டிவ் என்று வந்தால், அதே ஸ்லைடில் உள்ள இயல்பான பால் நாளங்கள் நிறமேற்றிருக்கின்றனவா என்று கேளுங்கள். அவையும் வெறுமையாக இருந்தால் பழுது சோதனையில் இருக்கலாம். வேறொரு பிளாக்கிலோ (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) முந்தைய ஊசி பயாப்சியிலோ திரும்பச் செய்ய வேண்டும். இந்த ஒரு கேள்வி, ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய 5 வருட ஹார்மோன் சிகிச்சையைக் காப்பாற்றலாம். ஹெர்2 2+ (பாசிட்டிவா நெகட்டிவா என்று தெளிவில்லாத நிலை) என்றால் அது முடிவல்ல, ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை செய்தாக வேண்டும்.

மெழுகு பிளாக்குகள் வெயில்படாத, குளிர்ந்த இடத்தில் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். நோய் திரும்பினால் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாறும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு நிற்காமல் ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.