முதல்முறை ஒட்டகப் பந்தயம் பார்க்கப் போகிறீர்களா? துபாய்வாசிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்புவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. துபாயின் ஒட்டகப் பந்தயத் திடலான அல் மர்மூமில் காலை ஓட்டங்கள் 7 மணியை ஒட்டியே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தும் விடும். சில நாள்களில் பிற்பகல் 2 மணிவாக்கிலும் ஓட்டம் உண்டு. எந்த நாளில் எப்போது என்பதை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். சீசன் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போனால் வெறும் மணலைத்தான் காட்ட முடியும்.

திடல் நகரத்திலிருந்து சுமார் 40 கி.மீ., அல் ஐன் சாலையில் இருக்கிறது. மெட்ரோ கிடையாது. டாக்சியில் போனால் அதையே காத்திருக்கச் சொல்லுங்கள். திரும்பி வர அங்கே வேறு வண்டி கிடைப்பது கஷ்டம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைப் பனிமூட்டம் சாலையை மறைத்துவிடும், அரைமணி முன்னதாகப் புறப்படுங்கள். ஸ்வெட்டரும் வேண்டும்.

பார்வையாளர் மேடையிலேயே கடைசிவரை உட்கார்ந்துவிடாதீர்கள். ஒட்டகத்தின் வயதைப் பொறுத்து ஓட்டம் பல கிலோமீட்டர் நீளும்; மேடையிலிருந்து தெரிவது கடைசிச் சில நூறு மீட்டர்தான். மீதியைத் திரையில் பார்க்க வேண்டும். அதனால் புறப்படும் இடத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். திமிலுக்குப் பின்னால் சில கிலோ எடையுள்ள ரோபோ ஜாக்கி கட்டியிருக்கும். சின்ன மோட்டார், சுழலும் சாட்டை, வாக்கி டாக்கி, மேலே வண்ணச் சட்டை. தடுப்பு மேலே போனதும் ஒட்டகங்கள் பாயும். பக்கத்துச் சாலையில் உரிமையாளர்களின் கார்கள் கூடவே பறக்கும். காருக்குள்ளிருந்து அவர்கள் போடும் அதட்டல் ரோபோவின் ஸ்பீக்கர் வழியாக ஒட்டகத்தின் காதில் விழுகிறது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் ஏழை நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 2005-இல் அமீரகம் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்த மாற்றம் வந்ததே பெரிய நிம்மதி.

அந்தக் கார் வரிசையில் உங்கள் வண்டியை நுழைத்துவிடாதீர்கள். ஓட்டுபவர்களின் கண் பாதி நேரம் ஒட்டகத்தின் மேல்தான் இருக்கும். யாராவது கூப்பிட்டால் பயணியாக ஏறி, பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். பந்தயம் கட்டுவது சட்டவிரோதம்; நண்பர்களுக்குள் பத்துத் திர்ஹம் என்றாலும் வேண்டாம். பெண்களைப் படம் எடுக்காதீர்கள், ஆண்களையும் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒட்டகங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நீங்கள் கிளம்பிவிட்டால் ஒன்றைத் தவறவிடுவீர்கள். வென்ற ஒட்டகத்தின் தலையிலும் கழுத்திலும் குங்குமப்பூக் குழம்பு பூசுவார்கள். தள்ளி நின்று பாருங்கள். ஒட்டகம் பின்னங்காலைப் பக்கவாட்டிலும் வீசி உதைக்கும், பின்னால் போய் நிற்கவே கூடாது.

சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒட்டகத்தைத் தொடவே வேண்டாம். மெர்ஸ் என்ற சுவாச நோயைத் தரும் வைரஸ் ஒட்டகத்திலிருந்து மனிதருக்குத் தொற்றும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எச்சரிக்கை இது. மற்றவர்கள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அன்பாக நீட்டினாலும் காய்ச்சாத ஒட்டகப் பாலைக் குடிக்காதீர்கள்.